ஆதுலர்சாலையும் ஏட்டுச்சுவடியும்: இடைக்காலத் தமிழகத்திலும் ஈழத்திலும் நோயும் மருத்துவமும்

சோழப் பேரரசன் வீரராசேந்திரனின் (1063 - 1070) ஐந்தாம் ஆட்சியாண்டுக்குரிய நீண்ட கல்வெட்டொன்று, பாலாறு, வேகவதி, செய்யாறு ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் அமைந்த திருமுக்கூடல் பெருமாள் கோயிலிற் காணப்படுகின்றது. அதன் முற்பகுதி, அக்காலக் கல்வெட்டுக்களின் மரபுக்கேற்ப, மன்னன் சளுக்கியரை வென்ற செய்திகளை மெய்க்கீர்த்தியாக விரித்துரைக்கின்றது. பிற்பகுதியோ முற்றிலும் வேறானதோர் உலகத்தைக் காட்டுகின்றது. அங்கு வாளுமில்லை, வேழமுமில்லை. நோயாளருக்கு நாள்தோறும் அளக்கவேண்டிய அரிசி, இரவில் எரியவேண்டிய விளக்குக்குரிய எண்ணெய், மருத்துவனுக்கும் அவனுக்குக் கீழ்ப் பணியாற்றுவோருக்கும் உரிய நெல், ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகள் என்பனவே அங்குப் பேசப்படுகின்றன. ஒரே கல்லில் அரசனின் புகழும் நோயாளியின் உணவும் அடுத்தடுத்துப் பொறிக்கப்பட்டிருத்தல் வரலாற்று மாணவனின் சிந்தனையைத் தூண்டவல்லது.

இடைக்கால மருத்துவம்பற்றி எழுதுவோர் இருவகைப்படுவர். ஒரு சாரார் அக்காலத்து வைத்தியசாலைகளைச் சுட்டிக்காட்டி, இன்றுள்ள யாவும் அன்றே எம்மிடம் இருந்தன என்பர். மற்றொரு சாரார் அக்கால மருத்துவத்தை மந்திரமும் மூடநம்பிக்கையும் கலந்ததொன்றெனத் தள்ளிவிடுவர். இவ்விரு நோக்குகளும் கேட்கத் தவறும் வினாக்கள் மூன்று உள. அவ்வைத்தியசாலைகளை நடத்துதற்கான பொருள் எங்கிருந்து வந்தது? அவற்றாற் பயன்பெற்றோர் யாவர்? ஒரு காலத்திற் சிறந்து விளங்கிய அவை பின்னர் ஏன் தொடரவில்லை? ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டுவரையுள்ள காலத்தைக் கருத்திற்கொண்டு, தமிழகத்தினதும் ஈழத்தினதும் சான்றுகளை ஒருங்குவைத்து இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோய் பற்றிய கருத்து

இடைக்கால மருத்துவரின் அறிவுக்கு அடிப்படையாயிருந்தது வாதம், பித்தம், சிலேற்பனம் என்னும் மூன்றின் சமநிலை பற்றிய கோட்பாடாகும். இவை தத்தம் அளவில் நிற்பது உடல்நலம். மிகுதலும் குறைதலும் நோய். சரகர், சுசுருதர், வாக்படர் ஆகியோர் பெயரால் வழங்கும் வடமொழி நூல்கள் இக்கோட்பாட்டை விரித்துரைத்தன. தமிழ்ச் சித்த மருத்துவமும் இதே மூன்றினை அடிப்படையாகக் கொண்டு, நோய்களை 4,448 எனத் தொகைப்படுத்திக் கூறும் மரபினை உடையது. ஈழத்துச் சிங்கள வைத்தியமும் இம்மூன்றினையே அடிப்படையாகக் கொண்டது. எனவே மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்டிருந்த இம்மருத்துவ மரபுகள் நோயின் காரணத்தை விளக்குவதில் பெரிதும் ஒன்றுபட்டிருந்தன எனலாம்.

ஒருவனுக்கு உற்ற நோயை அவனது உணவினாலும் ஒழுக்கத்தினாலும் விளக்கலாம். ஆனால் ஊர் முழுவதும் ஒரே காலத்தில் ஒரே நோயால் மடியும்போது அதனை எவ்வாறு விளக்குவது? சரக சங்கிதை இவ்வினாவை நேரடியாகவே எழுப்புகின்றது. காற்று, நீர், நிலம், காலம் ஆகிய நான்கும் கெடுவதால் நாடு முழுதும் அழியும் நோய் தோன்றுமென்றும், இந்நான்கும் கெடுதற்கு மூலகாரணம் அறம் பிறழ்தலே என்றும் அது கூறும். ஆள்வோர் அறம் தவறினால் குடிகள் நோயுறுவர் என்பது இதன் உட்கிடையாகும். இடைக்கால அரசர் நோயாளரைப் பேணுதலைத் தம் கடனாகவும் புகழாகவும் கொண்டமைக்கு இக்கருத்து ஒரு காரணமாகும்.

கற்றோரின் இக்கோட்பாட்டுக்குப் புறம்பாக மக்களிடையே மற்றொரு விளக்கமும் நிலவியது. அம்மைநோய் தெய்வத்தின் வெம்மை. அதனைத் தணிப்பது வழிபாடு என்னும் நம்பிக்கை அதுவாகும். ஈழத்திற் சிங்கள மக்கள் பத்தினித் தெய்வத்துக்கும், மட்டக்களப்புத் தமிழர் கண்ணகை அம்மனுக்கும் எடுக்கும் விழாக்களில் இந்நம்பிக்கையின் தொடர்ச்சியைக் காணலாம். மட்டக்களப்புப் பகுதியில் விழாவின் நிறைவாக நிகழும் குளிர்த்திச் சடங்கு, பெயராலேயே தன் பொருளை உணர்த்துகின்றது. மருத்துவன் பித்தத்தின் வெம்மையைத் தணிக்க முனைந்தான். பூசகர் தெய்வத்தின் வெம்மையைத் தணிக்க முனைந்தார். மக்கள் இவ்விருவரையும் ஒருவருக்கு ஒருவர் மாறுபட்டவராகக் கருதவில்லை.

திருமுக்கூடல் தரும் கணக்கு

திருமுக்கூடற் கல்வெட்டிற் கூறப்படும் மருத்துவநிலையம் வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர்சாலையாகும். ஆதுலர் என்பது நோயுற்றோரைக் குறிக்கும். கோயிலோடு இணைந்து வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் கல்லூரியொன்றும், மாணவர் தங்கும் விடுதியும் இருந்தன. அங்குக் கற்போர், கற்பிப்போர், கோயிற் பணியாளர் ஆகியோருக்காகவே இச்சாலை அமைந்தது. ஒரே வேளையில் 15 நோயாளர் தங்கிச் சிகிச்சைபெற இடமிருந்தது. ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி வழங்கப்பட்டது.

பணியாளரின் ஊதியம் நுணுகி நோக்கத்தக்கது. ஆலப்பாக்கத்தைச் சேர்ந்த கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பவன் இங்கு மருத்துவனாயிருந்தான். அவனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் அளிக்கப்பட்டன. சல்லியக்கிரியை, அதாவது சத்திரசிகிச்சை செய்பவனுக்கு 30 கலம் நெல் கிடைத்தது. மூலிகை கொணர்ந்து, விறகு தேடி, மருந்து காய்ச்ச இருவரும், நோயாளரைப் பராமரித்து மருந்தூட்டப் பெண்கள் இருவரும் இருந்தனர். நாவிதனுக்கு 15 கலம் நெல் உரியதாயிற்று. ஒரு கலம் 12 குறுணி, ஒரு குறுணி 8 நாழி என்னும் கணக்கின்படி, ஆண்டுக்கு 360 நாளெனக் கொண்டால், மருத்துவனுக்கு நாளொன்றுக்கு 3 குறுணி நெல்லும், சத்திரசிகிச்சை செய்பவனுக்கு 1 குறுணியும், நாவிதனுக்கு 4 நாழியும் கிடைத்தமை தெளிவாகும். கணக்கு எச்சமின்றிப் பொருந்துவதிலிருந்து, நாட்கூலியாகவே முதலில் வகுக்கப்பட்டுப் பின்னர் ஆண்டுத் தொகையாக்கப்பட்டது என்று ஊகித்தல் தவறாகாது.

இக்கணக்கு வெறும் நிருவாகச் செய்தியன்று. நூலறிவால் நோயை அறிந்து மருந்து கூறுபவனுக்கும், கையால் உடலைத் தீண்டி அறுத்துச் சிகிச்சை செய்பவனுக்கும் இடையே மூன்றுக்கு ஒன்று என்னும் ஏற்றத்தாழ்வு இருந்தது. சுசுருதர் மரபிற் சத்திரசிகிச்சை மருத்துவத்தின் தலையாய பிரிவாகப் போற்றப்பட்டது. ஆனால் பதினோராம் நூற்றாண்டில், தமிழகத்தின் ஒரு வேதக் கல்லூரியை அடுத்திருந்த சாலையில், அது மருத்துவனுக்கும் நாவிதனுக்கும் இடைப்பட்ட நிலையில் வைக்கப்பட்டிருக்கின்றது. குருதியையும் சீழையும் தீண்டும் தொழிலைத் தாழ்ந்ததாகக் கருதும் சாதிய மனப்பான்மை இதிற் புலப்படுகின்றது. தமிழகத்தில் முடிதிருத்தும் தொழிலோர் மருத்துவர் என வழங்கப்பட்டமையும், அவர்தம் பெண்டிர் மருத்துவச்சியராய் மகப்பேறு பார்த்தமையும் இங்கு ஒப்புநோக்கத்தக்கன. கைத்தொழில் வேறாகவும் நூலறிவு வேறாகவும் பிரிந்த சமுதாயத்தில், நூல் கற்றவன் உடலை அறியாதவனாகவும், உடலை அறிந்தவன் நூல் கல்லாதவனாகவும் ஆயினர். இப்பிரிவு மருத்துவ அறிவின் வளர்ச்சிக்குப் பெருந் தடையாயிற்று என்பது வலிந்து கூறப்படும் கருத்தன்று.

இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளாக ஏறத்தாழ இருபது பெயர்கள் கல்வெட்டில் உள்ளன. அவற்றுள் வாசா அரீதகி, கோமூத்திர அரீதகி, தசமூல அரீதகி, பல்லாதக அரீதகி எனக் கடுக்காயை முதலாகக் கொண்டவை பல. வாசா என்பது ஆடாதோடை, பல்லாதகம் சேங்கொட்டை. உள்ளியும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த தைலம், வில்வாதி நெய், பழைய பசுநெய், கலியாணக உப்பு என்பனவும் இடம்பெறுகின்றன. மண்டூர வடிகை என்பது இரும்புக் கிட்டத்தினாலாகும் மருந்து. சோகை, பாண்டு முதலிய நோய்களுக்குரியது. கண்ணுக்குரியதெனப் பெயராலேயே உணரத்தக்க சுநேத்திரி என்னும் மருந்தும் உண்டு. வயிற்றுக் கோளாறு, இருமல், வாதநோய், குருதிக் குறைவு, கண்நோய் என்பனவே சாலைக்கு வந்தோரை மிகுதியும் வருத்திய நோய்கள் என்பது இப்பட்டியலாற் பெறப்படும்.

திருமுக்கூடல் தனித்ததோர் எடுத்துக்காட்டன்று. முதலாம் இராசராசனின் தமக்கையாகிய குந்தவை தன் தந்தை பெயரால் தஞ்சாவூரில் அமைந்த சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர்சாலைக்கு மருத்துவக்காணியாக நிலம் வழங்கினாள். ஊர்தோறும் மருத்துவருக்கு வைத்தியக்காணியும், விடந்தீர்ப்போருக்கு விடகரபோகமும் ஒதுக்கப்பட்டமையைச் சோழர் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. ஆந்திரநாட்டு மல்காபுரத்தில் காகதீய அரசி உருத்திரமாதேவி காலத்தில், 1261ஆம் ஆண்டிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, மகப்பேற்றுச் சாலையொன்றையும் ஆரோக்கியசாலையொன்றையும் குறிப்பிடுகின்றது. இவை யாவற்றுக்கும் பொதுவான அடிப்படை நிலமாகும். மருத்துவனின் ஊதியம் நெல்லாக வந்தது; நெல் பாசன நிலத்திலிருந்து வந்தது; அந்நிலம் கோயிலின் அல்லது ஊர்ச்சபையின் கட்டுப்பாட்டில் இருந்தது. உழவரின் உழைப்பால் விளைந்த உபரியே ஆதுலர்சாலையின் உயிராயிற்று.

ஈழத்து வைத்தியசாலைகள்

திருமுக்கூடற் கல்வெட்டுப் பொறிக்கப்பட்ட காலத்தில் பொலனறுவை சோழர் ஆட்சியில் இருந்தது. 1070ஆம் ஆண்டளவிலேயே முதலாம் விசயபாகு அவர்களை வெளியேற்றினான். திருமுக்கூடற் கல்லூரி அமைந்த மண்டபத்தின் பெயர் சனநாத மண்டபம்; சோழர் பொலனறுவைக்கு இட்ட பெயர் சனநாதமங்கலம். இரண்டும் ஓரரசின் ஆட்சிக்குட்பட்ட இடங்கள். ஆயினும் வைத்தியசாலை அமைக்கும் மரபினை ஈழம் சோழரிடமிருந்து பெறவில்லை. அது அதற்கு முற்பட்டது.

மிகிந்தலையில் மலையடிவாரத்தில் உள்ள வைத்தியசாலைச் சிதைவுகள் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரண்டாம் சேனனின் (853 - 887) பெயரோடு அவை தொடர்புபடுத்தப்படுகின்றன. நடுவே வழிபாட்டிடம் அமைந்த முற்றத்தைச் சுற்றி நோயாளர் தங்கும் சிற்றறைகளும், அப்பால் மருந்து ஆக்குதற்கும் நீராடுதற்குமான பகுதியும் அங்கு உள்ளன. மனித உடலின் வடிவாகக் குடையப்பட்ட கல்லாலான மருந்துத்தோணி அங்குக் காணப்படுவது யாவரும் அறிந்ததே. நோயாளியை அதிற் கிடத்தி எண்ணெயும் கசாயமும் நிரப்பிச் சிகிச்சை செய்தனர். மத்திய கிழக்கிலிருந்து வந்த நீலப் பூச்சுடைய சாடிகளின் உடைவுகள் இங்குக் கிடைத்தமை, மருந்துச் சரக்குகள் கடல்கடந்து வந்திருக்கலாம் என்னும் எண்ணத்துக்கு இடமளிக்கின்றது.

பொலனறுவையில் முதலாம் பராக்கிரமபாகு (1153 - 1186) நிறுவிய ஆளாகனப் பிரிவேனாவின் வைத்தியசாலை 1980களிற் கலாசார முக்கோணத் திட்டத்தின்கீழ் அகழப்பட்டது. அங்கும் மருந்துத்தோணி கிடைத்தது. அதனோடு கத்தரிகள், சாவணங்கள், சிறுகத்திகள் முதலிய உலோகக் கருவிகளும் மருந்தரைக்கும் கற்களும் வெளிப்பட்டன. சத்திரசிகிச்சை நூலளவில் நில்லாது நடைமுறையிலும் இருந்தமைக்கு இவை மறுக்கவியலாத சான்றுகள்.

சூளவம்சம் இவ்வரசனின் பணியை விரிவாகப் புகழ்கின்றது. நூற்றுக்கணக்கான நோயாளர் தங்கத்தக்க சாலையொன்றை அவன் அமைத்தான் எனவும், ஒவ்வொருவருக்கும் பணிசெய்ய ஓர் அடிமையையும் ஓர் அடிமைப் பெண்ணையும் அமர்த்தினான் எனவும், உபோசத நாள்களில் தானே அங்குச் சென்று மருத்துவரை வினவி, அவர்தம் சிகிச்சையிற் பிழைகாணின் திருத்தினான் எனவும் அது கூறும். முகத்திற் கட்டியால் வருந்திய காகமொன்று சாலைக்குள் புகுந்து அகல மறுக்க, அரசன் அதற்கும் சிகிச்சை செய்வித்தான் என்னும் கதையும் அதில் உண்டு. நான்காம் நூற்றாண்டின் புத்ததாச மன்னனைப்பற்றியும் இத்தகைய கதைகள் உள. பாம்பின் வயிற்றுக் கட்டியை அறுத்தமை, மகப்பேற்றில் இடருற்ற சண்டாளப் பெண்ணைக் காத்தமை, பத்துக் கிராமங்களுக்கு ஒரு வைத்தியரை நியமித்தமை என்பன அவற்றுட் சில.

இக்கதைகளை உள்ளவாறே வரலாறாகக் கொள்ளுதல் பொருந்தாது. அரசனைப் போதிசத்துவனின் சாயலிற் காட்டுவதே பிக்குகளாகிய நூலாசிரியரின் நோக்கம். ஆயினும் அவை பயனற்றவையல்ல. அரசன் எவ்வாறிருந்தான் என்பதைக் காட்டிலும், அரசன் எவ்வாறிருக்கவேண்டும் எனச் சமுதாயம் எதிர்பார்த்தது என்பதை அவை கூறுகின்றன. சண்டாளப் பெண்ணுக்கு அரசன் சிகிச்சை செய்தமை அற்புதச் செயலாகப் போற்றப்படுவதிலிருந்தே, வழமையில் அவளுக்கு அது கிட்டவில்லை என்பது புலனாகின்றது. நோயாளருக்கு அடிமைகளே பணிசெய்தனர் என்னும் குறிப்பும் அவ்வாறே மறக்கற்பாலதன்று.

பயன்பெற்றோர் யாவர்?

கல்வெட்டு, அகழ்வாய்வு, வம்சநூல் ஆகிய மூவகைச் சான்றுகளையும் ஒருங்குவைத்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகின்றது. இவ்வைத்தியசாலைகள் பெரும்பாலும் சமய நிறுவனத்தின் உறுப்புக்களாகவே விளங்கின. மிகிந்தலையிலும் ஆளாகனப் பிரிவேனாவிலும் பிக்குகளே முதலிற் பயன்பெற்றோர். நோயுற்ற துறவியைப் பேணுதல் பௌத்த விநயம் வற்புறுத்தும் கடமையாகும். திருமுக்கூடலிற் பயன்பெற்றோர் கல்லூரியாரும் கோயிலாரும். அச்சாலையை நடத்திய நெல்லை விளைவித்த உழவனுக்கும், ஏரியைத் தூர்வாரிய கூலியாளுக்கும் அங்கு இடம் ஒதுக்கப்படவில்லை. அவர்களுக்குரியவர் ஊர் மருத்துவரும், விடகாரியும், மருத்துவச்சியும், தெய்வமாடுவோருமே.

இவ்வாறு கூறுவது அந்நிறுவனங்களின் பெருமையைக் குறைப்பதாகாது. தங்கிச் சிகிச்சைபெறும் இடம், ஊதியம்பெறும் மருத்துவன், முன்கூட்டியே ஆக்கிவைத்த மருந்து, பயிற்சிபெற்ற பராமரிப்பாளர் என்னும் நான்கும் ஓரிடத்தில் ஒழுங்காக அமைந்தமை எந்த நாகரிகத்துக்கும் பெருமைதருவதே. எனினும் பெருமையின் எல்லையையும் அறிந்துகொள்ளுதல் வரலாற்றாசிரியனின் கடமையாகும்.

கொள்ளைநோயின் முன்னே

வைத்தியசாலைகள் தனிமனிதரின் நோய்க்கு ஓரளவு பயன்பட்டன. கொள்ளைநோயின் முன்னே அரசும் மருத்துவமும் ஒருங்கே செயலிழந்தன. நான்காம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் உபதிச்ச மன்னன் காலத்தில் பஞ்சமும் நோயும் ஈழத்தை வருத்தியபோது, பிக்குகள் புத்தர் திருவுருவுடன் இரவு முழுதும் வீதிவலம் வந்து இரத்தின சூத்திரம் ஓதியதையே சூளவம்சம் பரிகாரமாகக் கூறுகின்றது.

பதினான்காம் நூற்றாண்டில் நேரிற் கண்டவரின் சான்றே எமக்குக் கிடைக்கின்றது. மொறோக்கோ நாட்டுப் பயணியாகிய இபின் பதூதா 1344ஆம் ஆண்டளவில் ஈழத்துக்கு வந்து, ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராயிருந்து, சிவனொளிபாதமலையைத் தரிசித்தபின் தமிழகக் கரையை அடைந்தார். சுல்தானிய ஆட்சிக்குட்பட்டிருந்த மதுரையை அவர் அடைந்தபோது அங்குக் கொள்ளைநோய் பரவியிருந்தது. நோயுற்றோர் இரண்டொரு நாளிலேயே இறந்தனர் என அவர் எழுதுகின்றார். நலமுடையவள் என உறுதிகூறி விற்கப்பட்ட அடிமைப் பெண்ணொருத்தி வாங்கிய மறுநாளே இறந்தாள். சுல்தானின் குடும்பத்தவரையும் நோய் விட்டுவைக்கவில்லை. தாமும் கடுங்காய்ச்சலால் வருந்திய பதூதா, புளியை நீரிற் கரைத்துக் குடித்துக் கழிச்சலாகி உயிர்தப்பியதாகக் கூறுகின்றார். அரண்மனை விருந்தினரான ஒருவருக்குக்கூட அவ்வேளையிற் கைகொடுத்தது ஊரார் யாவரும் அறிந்த புளியேயன்றிப் பெருமருந்து எதுவுமன்று.

படையெடுப்பும் நோயும் ஒன்றையொன்று தொடர்ந்த இக்காலத்திலேயே கோயில்களைச் சார்ந்த மருத்துவ நிறுவனங்களும் நலிந்தன. திருவரங்கம் கோயிலின் ஆரோக்கியசாலை பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒய்சாளர் காலத்தில் அமைந்தது, படையெடுப்பில் அழிந்தது, 1493ஆம் ஆண்டிலேதான் கருடவாகன பட்டர் மரபினரால் மீளப் புதுப்பிக்கப்பட்டது. ஒரு மருத்துவக் குடும்பம் தன் நிறுவனத்தின் நினைவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தமை வியப்புக்குரியது. ஆனால் அவ்வாறு காக்க ஒருவருமின்றி அழிந்தவை எத்தனையோ!

இராசரட்டையும் மலேரியாவும்

ஈழத்தின் நிலை இன்னும் அவலமானது. 1215ஆம் ஆண்டில் மாகனின் படையெடுப்பு நிகழ்ந்தபின், அநுராதபுரத்தையும் பொலனறுவையையும் உள்ளடக்கிய இராசரட்டை படிப்படியாகக் கைவிடப்பட்டது. இதற்கு மலேரியாவே காரணமென 1921ஆம் ஆண்டில் லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் மருத்துவ அறிஞர் வாதிட்டார். நோய் ஒரு நாகரிகத்தையே அழித்ததென்னும் இக்கருத்துப் பலரைக் கவர்ந்தது. ஆயினும் காரணத்தையும் விளைவையும் இங்கு வேறுபடுத்தி நோக்குதல் இன்றியமையாதது.

இலங்கையில் மலேரியாவைப் பெரிதும் பரப்பிய நுளம்பினம், தெளிந்த, வெயில்படும், ஓட்டமற்ற சிறுகுட்டைகளிற் பெருகுவது. வரட்சியால் ஆறுகள் வற்றிக் குட்டைகளாகும்போது அது பன்மடங்காகும். 1934 - 1935இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்ட பெருநோய் இவ்வாறே தோன்றியது. ஒழுங்காகப் பேணப்பட்ட குளமும் வாய்க்காலும் அத்துணை இடர் விளைவிப்பனவல்ல. உடைந்த அணைக்கட்டும், தூர்ந்த வாய்க்காலும், ஆங்காங்கே தேங்கிய நீருமே நுளம்புக்கு உறைவிடமாகும். எனவே அரசியற் குழப்பத்தால் குளங்களைப் பேணிய நிருவாக ஒழுங்கும் உழைப்பமைப்பும் முதலிற் சிதைந்தன. அச்சிதைவு நோய்க்கு இடங்கொடுத்தது. பின்னர் நோய் மக்களை மீளக் குடியேறவிடாது தடுத்தது என்று கொள்வதே பொருத்தமாகும். நோய் வீழ்ச்சியைத் தொடக்கிவைக்கவில்லை. அதனை நிலைபெறச் செய்தது. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டபின்னரே வரண்ட வலயத்திற் பெருமளவிற் குடியேற்றம் எளிதாயிற்று. 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா ஒழிந்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தினால் அறிவிக்கப்பட்டது.

இவ்விளக்கம் வைத்தியசாலைகளின் மறைவுக்கும் பொருந்தும். ஆளாகனப் பிரிவேனாவின் சாலையை நடத்தியது குளத்துநீர் விளைவித்த நெல். குளம் உடைந்தபோது நெல் நின்றது. நெல் நின்றபோது மருத்துவனும் மருந்தும் இல்லாதொழிந்தன. நோய் மிகப் பெருகிய வேளையிலேயே நோய்தீர்க்கும் நிறுவனம் அழிந்தமை ஈழ வரலாற்றின் பெருந்துயர்களுள் ஒன்றாகும்.

நிறுவனத்திலிருந்து ஏட்டுக்கு

நிறுவனம் அழிந்தபோதும் அறிவு முற்றாக அழியவில்லை. அது ஏட்டிற் புகுந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், அரசு தென்மேற்கே தம்பதெனியாவுக்கும் யாப்பகூவாவுக்கும் இடம்பெயர்ந்த காலத்திலேயே, பாளிமொழியிற் பேசச்சமஞ்சூசா என்னும் மருத்துவநூலும், சிங்களத்தில் யோகார்ணவம், பிரயோகரத்தினாவலி என்னும் நூல்களும் இயற்றப்பட்டன. வடக்கே யாழ்ப்பாண அரசர் ஆதரவிற் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் தமிழ் மருத்துவநூல்கள் தோன்றின. அரசரின் சிம்மாசனப் பெயர்களையே இந்நூல்கள் தாங்கி நிற்றல் அவ்வாதரவுக்குச் சான்றாகும். இவற்றை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏடுகளிலிருந்து பெயர்த்துப் பதிப்பித்திராவிடின் அவையும் செல்லுக்கு இரையாகியிருக்கும்.

இம்மாற்றத்தின் இரு பக்கங்களையும் நோக்குதல் வேண்டும். கட்டடத்துக்கு நெல்லும் பணியாளரும் வேண்டும். ஏட்டுக்கு ஒரு குடும்பமும் ஒரு மாணவனும் போதும். செய்யுளாக யாத்தமையால் ஏட்டை இழந்தவனும் மருந்தை மனத்திற் கொண்டான். தாய்மொழியில் எழுதியமையால் வடமொழி கல்லாத பரியாரிக்கும் மருத்துவம் எட்டியது. கோயிலின் மதிலுக்குள்ளும் விகாரையின் முற்றத்துள்ளும் இருந்த மருத்துவம் ஊருக்குள் வந்தது இக்காலத்திலேயே எனலாம். திருமுக்கூடலிற் புகமுடியாத உழவன், பரியாரியின் திண்ணையில் இடம்பெற்றான்.

ஆனால் இழப்பும் சிறிதன்று. நிறுவனத்தில் ஒரே வேளையிற் பல நோயாளரைக் கண்டு ஒப்பிட வாய்ப்பிருந்தது. மருத்துவரும் சத்திரசிகிச்சை செய்வோரும் ஒரு கூரையின்கீழ்ப் பணியாற்றினர். குடும்பத்திற் சுருங்கிய அறிவு இரகசியமாயிற்று. கைமருந்தைப் பிறருக்குக் கூறாது இறந்தவனோடு அம்மருந்தும் இறந்தது. கருவியும் கைப்பழக்கமும் வேண்டிய சத்திரசிகிச்சை, ஏட்டால் மட்டும் கற்பிக்க இயலாததாகையால், பெரிதும் மறைந்தொழிந்தது. பொலனறுவை மண்ணில் எண்ணூறு ஆண்டுகளாகப் புதையுண்டு கிடந்த சாவணமும் கத்தரியும் இவ்விழப்பின் மௌன சாட்சிகளாகும்.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய மூன்று வினாக்களுக்கும் விடை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றது. ஆதுலர்சாலைகளை நடத்தியது பாசன வேளாண்மையின் உபரி. அவ்வுபரியைக் கட்டுப்படுத்திய சமய நிறுவனங்களைச் சார்ந்தோரே அவற்றாற் பெரிதும் பயன்பெற்றனர். அவ்வேளாண்மை ஒழுங்கும் அதனைக் காத்த அரசும் சிதைந்தபோது சாலைகளும் சிதைந்தன. அறிவுக் குறைவால் அவை அழியவில்லை. அறிவைத் தாங்கிய சமுதாய அமைப்புச் சரிந்தமையால் அழிந்தன.

மருத்துவத்தின் வரலாறு மருந்துகளின் வரலாறு மட்டுமன்று. எவருக்கு எவர் செலவில் எவ்விடத்திற் சிகிச்சை கிடைத்தது என்பதன் வரலாறுமாகும். திருமுக்கூடற் கல்லில் ஒரு நாழி அரிசியையும் இரவு விளக்கையும் பொறித்துவைத்தவர்கள், நோயாளியின் நலம் நல்லெண்ணத்தால் மட்டும் அமைவதன்று, நாள்தோறும் தவறாது அளக்கப்படும் பொருளாலும் அமைவது என்பதை நன்கறிந்திருந்தனர். அவ்வளவையின் எல்லைக்குள் எவர் அடங்குவர் என்னும் வினாவை அவர்கள் எழுப்பவில்லை. அதனை எழுப்புவது பின்வந்த சமுதாயங்களின் பொறுப்பாயிற்று.